களி கிண்டிய விருந்தாளி

தை 4, ஞாயிறு இரவு

நாடு விட்டு நாடு நட்பு வளர்க்கும் திட்டத்தில் கென்யாவிலிருந்து கிரேஸ் எங்கள் வீட்டில் தங்க வந்திருக்கிறாள். "அவங்களுக்குக் களியெல்லாம் ஆகாது" என்று என் வீட்டுக்காரர் அரூரில் ரொட்டியும் ஜாமும் வாங்கி வந்தார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எங்களுக்கு மட்டும் ராகிக்களி கிண்டினேன். வாசனை பிடித்து உள்ளே வந்தவள் துடுப்பை வாங்கி அவளே கிண்டினாள். ஒரு கட்டிகூட விழவில்லை. அவள் ஊரிலும் தினமும் இதுதானாம்! ஆனால் மென்று தின்கிறாள். நான் குழம்பில் தோய்த்து விழுங்கிக் காட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இத்தன வருசமா கிண்டுறே, உனக்கு இந்தப் பதம் வரலியே" என்றார் அவர்.

நாளைக் காலை அவருக்கு ரொட்டியும் ஜாமும்தான்.