கால் வெட்டாத கட்டில்

வீடு வாங்க வந்தவர் நேற்று அளவுநாடாவோடு வந்தார். சுவரை அளக்கவில்லை, வீட்டைச் சுற்றிய வளவை அளக்கவில்லை. நேரே அறைக்குள் போய் உங்கள் கட்டிலின் காலை அளந்தார்.

"என்னக்கா இது, ஆனைக்குச் செஞ்ச கட்டிலா?" என்றார்.

உங்கள் நினைவு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

அவருக்கு எங்கே தெரியும்? சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த மாதம், சேற்றிலிருந்து இழுத்தெடுத்த கட்டில், மேசை, இரண்டு கதிரை, அலுமாரி எல்லாவற்றையும் நீங்கள் உயர்த்தினீர்கள். கல்லடிக் கரையில் உடைந்து கிடந்த தோணிகளின் மரத்தைத் தோளில் சுமந்து வந்து, ஒவ்வொரு காலுக்குக் கீழும் இன்னொரு கால் பொருத்தினீர்கள். தபால் கந்தோரில் முத்திரை குத்தியே பழகிய கை. ஆணியை விட உங்கள் பெருவிரல்தான் அதிகம் அடி வாங்கியது. கடைசியில் கட்டில் என் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. ஏறுவதற்குப் பலகைப் பெட்டி ஒன்றை வேறு போட்டீர்கள். மூட்டு வலிக்காரி நான் முணுமுணுக்காத இரவு இல்லை.

ஊரே திருவிழா பார்ப்பது போல வந்து பார்த்தது. "மறுகா கடல் வந்தா இந்தக் கட்டில் காப்பாத்துமா மனே?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டார்.

"காப்பாத்தாது மாமி. ஆனா என்ட சாமானத் தொடுறதெண்டா அது இன்னும் கொஞ்சம் ஏறித்தான் வரோணும்" என்றீர்கள்.

உங்கள் முன்னால் சிரித்தார்கள். பின்னால் போய், பயத்தில் மனிசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அது உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் எவரோடும் வாதாடவில்லை.

சண்டை முடிந்ததாக வானொலி சொன்ன நாளில் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். என் தம்பி ஓடி வந்தான். "எல்லாம் முடிஞ்சிட்டு அத்தான். இனியாவது இந்தக் கால்கள வெட்டுங்க" என்றான். உயரக் கதிரையில் கால் தொங்க உட்கார்ந்திருந்த நீங்கள், "தண்ணி வத்தினது நல்லம். அதுக்காக வந்த தண்ணியக் கும்பிடச் சொல்லாத" என்றீர்கள். அந்த மாரியில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை.

இனி நான் வவுணதீவில் தங்கை வளவில் இருக்கப் போகிறேன். அங்கே எனக்கென்று ஒற்றை அறை, பதிந்த தகரக் கூரை. இந்தக் கட்டிலில் ஏறி நிமிர்ந்தால் தலை கைமரத்தில் இடிக்கும். அதனால்தான் கட்டில், மேசைத் தளபாடங்களையும் சேர்த்து எடுங்கள் என்று வந்தவரிடம் கேட்டேன்.

"காலை வெட்டித் தந்தா எடுக்கிறன். இல்லாட்டி விறகுக்குத்தான் ஆகும்" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பி மரம் அறுக்கும் வாளை எடுத்து வந்துவிட்டான்.

"அதைத் தொட்டா வீடும் இல்ல" என்றேன்.

தம்பி தலையில் கை வைத்தான். "இந்த ஆள விட்டா வேற ஆள் வராதக்கா. கண்டறியாத கட்டிலுக்காக எல்லாத்தையும் கெடுக்கப் போறியா?"

"ஓம். அம்மா எனக்குத் தந்த வீடு. விக்கிறதும் விடுறதும் நான்."

வேறு ஆள் வராது என்பது உண்மைதான். ஒரு வருடமாக எட்டிப் பார்த்தவர் எவரும் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

அதுவரை வாசலிலேயே நின்ற அவருடைய மனைவி உள்ளே வந்தாள். கல்குடாக்காரி, அதிகம் பேசாத பெண். யாரையும் கேட்காமல் பெட்டியில் கால் வைத்து ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தாள். "இறங்கு, போவம்" என்று புருஷன் கூப்பிட்டார். இறங்கவில்லை.

"கடல் வந்த நாளிலிருந்து எனக்குப் பாயில படுக்க ஏலாம இரிக்கி. இவருக்குத் தெரியும்" என்றாள். தலையணை இல்லாத கட்டிலில் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிப் பார்த்தாள். அவர் அளவுநாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இதைச் செஞ்ச மனிசன் நல்லாப் பயந்து போனவர் போலக்கா?" என்று படுத்தபடியே கேட்டாள்.

"பயந்தவர் ஊரை விட்டு ஓடியிருப்பார் பிள்ளை. இவருக்குக் கடலோட கோவம்."

அவள் எழுந்து உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்தாள். "எனக்கும் கோவம்தான். எல்லாரும் பயமெண்டு சொல்றாங்க."

கட்டில், மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் வீட்டோடு போகின்றன, நீங்கள் செய்த உயரத்திலேயே. எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் கோபம் என்னிடம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் குறைத்துத் தா என்று யாராவது வந்து கேட்கட்டும், பார்க்கிறேன்.