உன் பெயர் வைத்த கட்டடம்

அம்மா,

புதுப் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தும் தலை வலிக்கிறது. திருநின்றவூரில் நம் பழைய வீட்டை இடித்த இடத்தில் உனக்கு நினைவகம் எழுப்பிவிட்டார்கள். கீழே இலவச மருத்துவ உதவி மையம். வாசலில் உன் படம், 'இவ்வூரின் முதல் செவிலியர்' என்ற எழுத்துகள். மாடியில் ஓர் அறை. அது எனக்காம். நானும் நர்ஸ், உன் ஒரே மகள்; வேறு யாரைத் தேடுவார்கள்?

ஓய்வு பெற்றதும் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்க நினைத்திருந்தேன். திறப்பு விழா மேடையில் நினைவகக் கமிட்டித் தலைவர் என்னைக் கேட்காமலேயே அறிவித்தார்: "அம்மா விட்ட சேவைய இனிமே பொண்ணு பாத்துக்குவாங்க!" கைதட்டல் அடங்கவில்லை. சாவிக்கொத்தையும் மைக்கையும் என் கையில் கொடுத்தார்கள்.

ரயில்வே ஸ்டேஷனில் நாம் உட்கார்ந்திருந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. அப்போது நான் சின்னப் பெண். ஓயாமல் பிரசவம் பார்த்துக் களைத்துப்போய், ஒரு துணிப்பையோடு என்னை அங்கே கூட்டி வந்தாய். "எங்கனா போய்டலாமா பாப்பா? என்னால முடியல" என்றாய். ரயில் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாய். அப்போது ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சிஸ்டரம்மா, ஊட்டுக்காரிக்கு வலி எடுத்துகிச்சு. துடிச்சிகினு கீறா!"

ரயில் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாயே, அந்த முகம் வாசல் படத்தில் இல்லை. பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் நடந்தாய். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

மைக்கில் சொன்னேன்: "சம்பளம் குடுத்து ரெண்டு நர்ஸ் போடுங்க. ஒருத்தரால முடியாது. எங்கம்மாவாலயும் முடியல. ஊரவிட்டே போகப் பாத்தாங்க."

தலைவர் மைக்கை மெதுவாக வாங்கி, "அம்மா நெனப்புல உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்றார். மறுபடியும் கைதட்டல்.

நர்ஸ் யாரும் வரவில்லை. மகள் போனில், "எப்பம்மா வர்ற?" என்கிறாள். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

இன்று காலை ஒரு கர்ப்பிணி வந்தாள். அவள் வயிற்றைத் தொடுமுன் என் உள்ளங்கைகள் தாமாகவே ஒன்றையொன்று தேய்த்துச் சூடேற்றிக்கொண்டன. என் காய்ச்சல் நெற்றியைத் தொடும்போதும் நீ அப்படித்தான் செய்வாய். "சில்லுனு கைய வச்சா பயந்துடுவாங்க" என்பாய்.

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்து முடித்ததும், வாசலில் காத்திருந்த அடுத்தவளை உள்ளே வரச் சொன்னேன்.