இணைச்சீருக்கு ஒரு அக்கா

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று அம்மாவிடம் சொல்லாமல் விட்டது: சேர்ந்து பார்த்த படத்தின் கடைசி அரைமணி நேரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சிறுவயதில் தன்னை விட்டுப்போன அப்பாவைத் தேடிப் போகிறாள் மகள். “நீ யாரு?” என்கிறார் அவர். வீட்டையே கொளுத்திவிடுகிறாள். தியேட்டரே உறைந்து கிடக்க, அம்மா பாப்கார்னைக் கொறித்தபடி என் காதில், “நல்ல ஊடு கண்ணு. வாடகைக்காச்சும் உட்டிருக்கலாம்” என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் அப்பா போனபோது எனக்கு நான்கு வயது. அவர் இருக்கும் அவிநாசியிலிருந்து எங்கள் சூலூர் அப்படி என்ன தூரம்? ஒரு நாளும் வந்ததில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபீஸுக்கு ஒருவன் வந்தான். அவன் முகத்தில் என் மூக்கு. உதய், அப்பாவின் இரண்டாம் குடும்பத்து மகன். அவனுக்குக் கல்யாணமாம். முதல் நாள் இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அக்காவோ தங்கையோ நிற்க வேண்டும்.

“பெரியப்பா பொண்ணு இருக்குதுங்க. சொந்த அக்கா இருக்கறப்ப அது எதுக்குங்க்கா?”

அப்பாவுக்குத் தெரியுமா என்றேன். சொல்லவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்தேன். பதில் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12

எல்லோர் முன்னிலையிலும் அப்பா திருதிருவென்று விழிப்பாரே — அதைப் பார்க்கவாவது போகலாம். ஆனால், ‘யாருன்னு தெரியல’ என்று சொல்லிவிட்டால்? இணைச்சீருக்குத் தீப்பெட்டியோடு போக முடியாதே.

ஆகஸ்ட் 14

அம்மாவிடம் சொல்லிப்போட்டேன். “அந்தப் பையன் நமக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? போய் நில்லு. நான் வரமாட்டேன்” என்றாள். இப்போது என் சேலைக்கு வளையல் தேடுகிறாள்.

அப்பாவிடம் பேச வசனம் எழுதிப் பார்த்தேன். இத்தனை நாவல் படித்தும் ஒரு வரி உருப்படியாக வரவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

கூறைச்சேலையின் ஒரு முனை உதயிடம், மறுமுனை என்னிடம். சீர் செய்துவைக்கும் பெரியவர் நிமிர்ந்து, “இந்தப் புள்ள யாருங்க?” என்றார். உதய் வாயைத் திறந்தான். பெரியவர் கையமர்த்தி, “தகப்பன் சொல்லட்டுங்க” என்று அப்பாவைப் பார்த்தார்.

அப்பாவின் சட்டை வேர்த்து நனைந்திருந்தது. என்னவோ முணுமுணுத்தார். வீடியோக்காரர், “சத்தம் பதியலீங்க” என்று மைக்கை நீட்டினார்.

“எம்பட மூத்த புள்ளைங்க. இளவேனில்.”

பந்தியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். சேலை முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஓர் அத்தை கன்னத்தைக் கிள்ளி, “இத்தன வருசமா எங்க கண்ணு இருந்தே?” என்றார்.

“சூலூர்லயேதானுங்க இருந்தேன்.”

மைக்கை இன்னும் யாரும் அணைத்திருக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

உதயும் மனைவியும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அழைத்துவந்த அப்பா காரைவிட்டு இறங்கவில்லை. அம்மா உதயிடம் அவருக்கு ஒரு காபி கொடுத்தனுப்பினாள், சர்க்கரை போடாமல்.

டம்ளர் காலியாகத் திரும்பி வந்தது.