கடலைப் பார்க்காமல் எழுதிய பக்கம்

அன்புள்ள அம்மைக்கு,

ஹெல்சிங்கியிலிருந்து ஜெனிலா தோத்திரம் சொல்லி எழுதுறேன். நான் சுகம். உங்க சுகத்தைக் கடைசியில கேக்கேன்.

என் வேலை என்னன்னு கேட்டீங்கல்லா. கம்ப்யூட்டர் ஒருதடவை பார்த்ததை நகலெடுத்துப் பக்கத்திலேயே வச்சுக்கிடும். அதுக்குப் பேரு கேஷ். வேகத்துக்கு நல்லதுதான். ஆனா வெளியே மாட்டின கருவியோட நிலைமையை அந்த நகல்ல பார்த்தா மோசம் போயிரும். நேத்து கடல் அமைதியா கெடந்ததுன்னு அப்பா இன்னைக்கு வள்ளம் எறக்குவாரா? கரையில நின்னு பார்த்துட்டுத்தானே எறக்குவாரு. கருவிகளுக்கு நிரல் எழுதுறவங்க நகலை எந்தக் கட்டளையால நிறுத்தணும்னு விளக்கி எழுதுறதுதான் என் வேலை.

நாலு மாசம் எழுதினேன். சந்தேகம் கேட்டா, ஆபீஸ்ல நிரல் எழுதுற மூணு பேரும் மூணு விதமா சொல்லுவாங்க. நேத்து முழுசையும் திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு கட்டளை போன வருஷமே மாறிட்டாம். நான் நிரலைப் பார்க்காம பழைய விளக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கேன், அதுவும் நகலை நம்பாதேன்னு சொல்லுற பக்கத்திலேயே. யாரும் சிரிக்கல. அதுதான் இன்னும் எரிச்சல்.

சாளைக் கருவாடு அனுப்புங்க. போனதடவை அந்த வாசத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தா. ஆறு மாசத்தில என் கதவைத் தட்டினது அவ ஒருத்திதான்.

டிராமுக்கு நேரமாச்சு. ஒண்ணே ஒண்ணு. கண் ஆப்பரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு எப்படியிருக்குன்னு போன்ல கேட்டு முடிக்குமுன்னே "நல்லாயிருக்கு மக்கா"ன்னு சொல்லிருவீங்க. ரெண்டு மாசமா அதே பதில்தான். அதனாலதான் இந்தக் கடிதம். இதைக் கீழ வச்சிட்டு, அப்பா முன்னால போய் விரலை நீட்டி எத்தனைன்னு கேளுங்க. அவர் சொன்னதை மட்டும் எழுதுங்க.

ஜெனிலா