மருமகள் மூலம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குரு முடிவாகச் சொல்லிவிட்டான். கிள்ளானில் பிசிக்ஸ் டீச்சராக இருக்கும் தாமரையைத்தான் கட்டுவானாம். சாப்பிடும்போது தயங்கித் தயங்கி, “அப்பா, அவளுக்கு மூலம். உங்களுக்கு ஓக்கேவா?” என்றான்.

ஐயோ பாவம், சின்னப் பெண். “காரத்தைக் குறைக்கச் சொல்லு. கருணைக்கிழங்கு மசியல் பண்ணிச் சாப்பிடட்டும். எனக்கே அதுலதான் சரியாச்சு” என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டான். “அப்பா! நட்சத்திரம்லா!”

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 4

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து அக்கா புஷ்பவல்லி போன். செய்தி அதற்குள் எப்படிப் போனதோ! “மூலத்துப் பொண்ணு மாமனாருக்கு ஆகாதுடா தம்பி” என்றாள்.

ஆகாது என்றால் என்ன? காய்ச்சல் தலைவலியோடு போய்விடுமா, இல்லை ஆளே காலியா?

ஆகஸ்ட் 5

பி.பி. ஏறியிருக்கிறது. இன்னும் நிச்சயம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குரு என்னைத் தேற்ற வந்தான். “அப்பா, நம்ம பால்வீதியோட நடு வானத்துல எங்க இருக்கு தெரியுமா? மூலத்துக்குப் பக்கத்துலதான். ராஜா இடம்!”

“அந்த நடுவுல என்ன இருக்கு?”

“ப்ளாக் ஹோல்ப்பா. நாலு மில்லியன் சூரியன் வெயிட். கிட்டப் போனா அப்படியே முழுங்கிடும்.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். முழுங்குமாம்! அக்கா சொன்னதையே விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள். இவனை நான் யுனிவர்சிட்டிக்கு அனுப்பியது இதற்குத்தானா?

ஆகஸ்ட் 17

ஆடி முடிந்துவிட்டது. இனிமேல் எதைச் சொல்லித் தள்ளிப்போடுவது?

ஆகஸ்ட் 23, சனி

தாமரையே போன் பண்ணினாள். “அங்கிள், உங்ககிட்ட நேரா பேசணும். கேரி தீவுக்குப் போலாமா? அங்க நல்லா இருட்டா இருக்கும்.”

இருட்டா எதற்கு? மாத்திரைப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டேன். குருதான் கார் ஓட்டினான். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிக் கடலோரம் இறங்கியதும் கொசு என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது.

தெற்கு வானத்தில் ஒரு பெரிய தேள். அவள் விரல் நீட்டியதும் எனக்கே தெரிந்தது. “அந்த வாலுதான் மூலம், அங்கிள். கொடுக்குக்கு மேல, கொஞ்சம் இடது பக்கம் பாருங்க. அங்கதான் நடு.”

“ஒண்ணும் தெரியலையேம்மா.”

“தூசி மறைக்குது. கண்ணுக்குத் தெரியாது.”

“முழுங்காதா?”

சிரிக்கவில்லை, நல்ல பெண். “இருபத்தாறாயிரம் ஒளியாண்டு தூரம், அங்கிள். நாம அதைச் சுத்திக்கிட்டேதான் இருக்கோம், விழுந்திடல.” பிறகு குரல் மாறியது. “இதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டுல நட்சத்திரத்தைக் கேட்டதும் எழுந்து போயிட்டாங்க. வேணாம்னா இங்கேயே சொல்லிடுங்க. வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுட்டு மட்டும் சொல்லாதீங்க.”

சுருக்கென்றது. எனக்கும் குருவின் அம்மா வள்ளியம்மாவுக்கும் பத்துக்கு ஒன்பது பொருத்தம். ஜோசியர் என் அப்பா கையைப் பிடித்துப் பாராட்டினார். ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டாளே — அது எந்த மருமகள் செய்த வேலை? அப்போது வீட்டில் மருமகளே கிடையாதே! இத்தனை நாளும் அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பயந்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

“வெள்ளிக்கிழமை உங்கப்பா வீட்டுல இருப்பாராம்மா?” என்றேன். குரு இருட்டில் மூக்கை உறிஞ்சினான். கொசுவாம்.

ஆகஸ்ட் 24

அக்கா: “உனக்கு உயிர்மேல ஆசையே இல்லையா?” இருக்கிறது, அக்கா. நிறைய இருக்கிறது.

செப்டம்பர் 14

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. அக்கா என்னை மட்டும் முறைத்து முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது விழுவேன் என்று.

நவம்பர் 9, ஞாயிறு

கல்யாணம் முடிந்து ஒரு வாரம். மூன்று நாளாக எனக்கு இருமல், லேசாகக் காய்ச்சல். யாரிடமும் மூச்சுவிடவில்லை. குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு உள்ளே நின்று இருமுகிறேன்.

தாமரை கதவைத் தட்டினாள். “மாமா, உடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்லம்மா. பல் தேய்க்கறேன்.”

அக்கா தினமும் காலையில் போன் செய்து, “எப்படிடா இருக்கே?” என்கிறாள். “சிங்கம் மாதிரி இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, இருமல் வருவதற்குள் வைத்துவிடுகிறேன்.

எனக்கு ஒன்று ஆனால் ஊரே அந்தப் பிள்ளையைத்தான் சொல்லும். விடுவேனா? தொண்ணூறு வயது வரைக்குமாவது இருந்து தொலைக்க வேண்டும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், நாளையிலிருந்து நான் காலையில் குடிக்கும் தே தாரேக்கில் சீனி வேண்டாம்.