கொறற்றி அக்காவின் ஊர்

14 ஜனவரி 2007, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, வாசலில் ஸ்ரனிஸ்லாஸ். என் கூடப்பிறந்த கொறற்றி அக்காவைக் கட்டியவன். ஒன்பது வருடத்துக்கு முன், அவள் இருக்கத்தக்கதாகவே வீட்டுக்குள் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்தவன். இப்போது கறுப்புக் கோட்டும் தாடியும். பெண்சாதியை இழந்தவராம்!

"தம்பி வின்சன்ற், முப்பத்தொண்டுக்குப் புத்தகம் அடிக்கவேணும். ஹம்மில உன்னை விட்டா ஆர் செய்யிறது?"

அது உண்மைதான். ஜெர்மனியில் இந்த ஹம் பட்டணத்தில் எங்கள் சனத்தில் ஆர் செத்தாலும் முப்பத்தோராம் நாள் பூசையில் கொடுக்கும் நினைவு மலரை நான்தான் வீட்டுக் கணினியில் தட்டி அடுக்கி அச்சகத்துக்கு அனுப்புகிறேன். அட்டையில் படம், உள்ளே முதலில் ஊர் வரலாறு, பிறகு மன்றாட்டு, உறவுக்காரர் பேர். கட்டிய பெண்ணுக்கு ஊர் என்றால் புருஷனின் ஊர்.

"பேசாலை வரலாற்றை வடிவா எழுது. அவள் எங்கட ஊர் மருமகளெல்லோ."

ஓம் அத்தான் என்றேன். என் பெண்சாதி சிசிலி தேத்தண்ணி கொடுத்தாள். அவன் போன பிறகு அந்தக் கோப்பையை நானே இரண்டு தரம் கழுவினேன்.

15 ஜனவரி

வெள்ளிக்கிழமை அக்காவை அடக்கம் செய்தார்கள், ஸ்கொட்லாந்தில், அவன் துரத்திய பிறகு அவள் போய்த் தனியே இருந்த இடத்தில். அவன் போனான். நான் போகவில்லை. அவனிடம் ஜெர்மன் பாஸ்போட். என்னிடம் அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் புத்தகம், அதற்கு விசா வேண்டும். டுசல்டோவில் பிரித்தானியத் தூதரகத்தில் ரெர்மின், அதாவது வரச்சொல்லும் நாள், இருபத்தைந்தாம் தேதிக்குத்தான் கிடைத்தது. கூடப்பிறந்தவன் இங்கே ஆலையில் பெட்டி அடுக்க, அவன் தலைமாட்டில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். வீடியோ!

இருடா. உனக்கு ஒரு பேசாலை எழுதுறன்.

18 ஜனவரி

பெரும் புயல். ரயில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். வேலை முடிந்து நிலையத்திலேயே மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தேன். பையில் அக்கா நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பிய புத்தகம் இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் பழசு. அவள் இருந்த போர்ட்டோபெல்லோவைப் பற்றியது. எடின்பரோவின் கடலோரப் புறநகர். அங்கேதான் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள்.

அகராதியோடு வாசித்தேன். முதலில் அங்கே வெறும் புதர்க்காடு, கள்வர் பயம். எங்கேயோ பனாமாப் பக்கம் சண்டைக்குப் போய்த் திரும்பிய ஒரு கப்பல்காரன் தனியே ஒரு குடிசை போட்டு, தான் சண்டையிட்ட துறைமுகத்தின் பேரை அதற்கு வைத்தான். பிறகு களிமண் கண்டுபிடித்தார்கள். செங்கல் சூளை, மட்பாண்ட ஆலை. பிறகு பட்டணத்துப் பணக்காரர் கடல் குளிக்க வந்தார்கள். சில்லு வைத்த மரப்பெட்டிக்குள் உடுப்பு மாற்றி, பெட்டியோடு தண்ணிக்குள் இறங்குவார்களாம். கடலுக்குள் நீட்டிய நெடிய இரும்புப் பாலம் ஒன்றும் படத்தில் இருக்கிறது.

மிச்சத்தை அக்காவே டெலிபோனில் சொல்லியிருக்கிறாள். "எடின்பரோவோட சேர்த்து நூறு வருசத்துக்கு மேலயாம் தம்பி. கேட்டா இண்டைக்கும் போர்ட்டோபெல்லோ ஆக்கள் எண்டுதான் சொல்லுதுகள். சரியான திமிர் பிடிச்ச சனம். எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு."

சேர்த்து எழுதினாலும் சேராத ஊர். அக்காவுக்கு வேறு எந்த ஊர் பொருந்தும்? பேசாலையோ? அவன் துரத்தியபோது பேசாலையில் ஒரு குருவி வாய் திறந்ததோ?

முடிவெடுத்துவிட்டேன்.

23 ஜனவரி

அச்சுக்கு முந்திய படியை ஸ்ரனிஸ்லாசிடம் காட்டினேன். பேசாலை வரலாறு, ஆறு பக்கம். மாதா கோயில், மீன்வாடி, எல்லாம் போட்டிருந்தேன். வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை.

அவன் போனதும் ஆறு பக்கத்தையும் தூக்கினேன். போர்ட்டோபெல்லோவை வைத்தேன். 'ஸ்ரனிஸ்லாசின் அன்பு மனைவியும்' என்ற வரியையும் அழித்தேன். எவ்வளவு சுகமாக இருந்தது!

சிசிலி பின்னால் நின்று பார்த்துவிட்டாள். "வேண்டாமப்பா. செத்த ஆளின்ரை புத்தகத்தில பழி தீர்க்கக்கூடாது."

"பிறகு எதில தீர்க்கிறது?"

அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

25 ஜனவரி

விசா ரெர்மினுக்குப் போகவில்லை. இனி ஆரைப் பார்க்க? அந்த நேரத்தில் ஏழாம் பக்கத்தைத் திருத்தினேன். கடைசியில் ஒரு வரி குறைந்தமாதிரி இருந்தது. 'அக்கா பின்னேரங்களில் அந்தப் பாலத்தின் நுனிவரை தனியே நடந்துபோவாள்' என்று சேர்த்தேன். அழுகை வந்தது. நல்ல வரி.

31 ஜனவரி

முந்நூறு பிரதியும் வந்துவிட்டன. அட்டையில் அக்கா சிரிக்கிறாள். ஞாயிறு வரட்டும்.

4 பெப்ரவரி, ஞாயிறு

எழுதவேண்டும். எழுதாவிட்டால் இது எனக்குள்ளேயே கிடந்து அழுகும்.

பூசை முடிந்து மண்டபத்தில் புத்தகத்தைக் கொடுத்தோம். வாசித்த சனம் ஒன்றையொன்று பார்த்தது. ஞானசுந்தரம் அண்ணை, அவருக்குக் காது கேளாது, சத்தமாகவே கேட்டார்: "என்னடாப்பா, புருஷன்ரை பேரைக் காணேல்லை. பேசாலை எங்க?" ஸ்ரனிஸ்லாசின் முகம் கறுத்ததை நான் கண்ணாரக் கண்டேன். ஒன்பது வருடம் காத்திருந்தது இதுக்குத்தான் என்று நினைத்தேன்.

பிறகு நான் மண்டபத்துக் குசினியில் தட்டு அடுக்கிக்கொண்டிருக்க, அவன் வந்து கதவைச் சாத்தினான். அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவன் கத்தவேயில்லை.

"வடிவா எழுதியிருக்கிறாய். ஆனா அங்க பாலம் இல்லை, வின்சன்ற். நான் அந்தக் கரையில நிண்டனான். அதை இடிச்சுத் தொண்ணூறு வருசமாம். உன்ரை அக்கா எதில நடந்தவ?"

நான் கையிலிருந்த தட்டை அடுக்கின் மேல் வைத்தேன்.

"நான் அவளுக்குச் செய்தது எனக்குத் தெரியும். நீ சொல்லத் தேவையில்லை. செத்தவீட்டண்டு அவளின்ரை வீட்டுக்காரக் கிழவி கதவைத் திறந்து என்னைக் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ? 'நீங்களோ அந்தத் தம்பி?' எண்டு. உள்ள ஒரு கட்டில், விரிச்சபடி. கோடைக்குக் கோடை தம்பி வாறான் எண்டு உன்ரை அக்கா புதுசா விரிப்பாவாம். ஒன்பது கோடை."

கதவைத் திறந்துகொண்டு திரும்பிப் பார்த்தான்.

"உனக்குச் சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான். இண்டைக்குப் புத்தகத்தைப் பாத்தாப் பிறகு சொல்லோணும் போல இருந்தது."

5 பெப்ரவரி

ரெர்மின் கேட்டு இருபது நாளில் கிடைத்தது. இருபதே இருபது நாள். ஒன்பது வருடமாக விசா கரைச்சல், ஷிப்ட் கரைச்சல், வாற கோடை பாப்பம் அக்கா, வாற கோடை பாப்பம் அக்கா —

நீ என்னடா செய்து கிழிச்சனி?

7 பெப்ரவரி

வேலைக்குப் போகவில்லை.

11 பெப்ரவரி, ஞாயிறு

மிஞ்சிய நாற்பத்திரண்டு பிரதியும் மேசையில். எங்கள் மலர்களில் பிழை வந்தால் பின் அட்டையின் உட்பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டுவோம். சிசிலி வெட்டித் தந்தாள், நான் பசை பூசினேன்.

"அத்தான்ரை பேரையும் போடுவமோ?" என்று கேட்டாள்.

"இல்லை. அது பிழையில்லை."

அவள் அடுத்த சீட்டை வெட்டினாள். கொண்டுபோனவர்களின் வீடுகளுக்கும் நாளைக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கவேண்டும், அவனுடைய வீட்டுக்கும்தான். சீட்டில் இரண்டே வரி:

பக்கம் 7: பாலம் பற்றிய கடைசி வரியை நீக்கி வாசிக்கவும்.

பக்கம் 2 முதல் 7 வரை: இதை எழுதியவர் அந்த ஊருக்கு ஒருநாளும் போனதில்லை.