கணினியும் நலம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் மனைவி தட்டச்சு செய்யும் கடிதம் இது. இங்கே நான் நலம், அவள் நலம், கணினியும் நலம். கடைசியாகச் சொன்னதைத்தான் நீ நம்ப மாட்டாய். கப்பலிலிருந்து நீ போன் செய்தால் பாதி நேரம் சிக்னல் இருக்காது, மீதி நேரம் நீயே பேசுவாய். கடிதம் என்றால் கடைசிவரை கேட்டுத்தானே ஆக வேண்டும்.

எனக்கு எழுத்து தெரியாது என்பதற்காக இவள் எதையும் விழுங்கிவிட முடியாது. அடித்ததை இந்தக் கணினியே வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. சளி பிடித்த மாதிரி ஒரு பெண் குரல். ஆனால் ஒரு வார்த்தை விடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலை இவளுக்குக் கிடைத்தது உனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் சொந்தக் கணினியோடு தயாராக இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். நீயோ, "நான் வந்து பாத்துக்கறேன், நீ எதையும் தொடாத" என்றாய். நீ வருவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விடும். அதனால் உதிரிப் பாகங்களை வாங்கிக் கூடத்து மேசையில் வைத்து இவளே பூட்டினாள். டார்ச் பிடித்தது நான்.

எல்லாம் பூட்டிப் பொத்தானை அழுத்தினால், உள்ளே விசிறிகள் ஜோராகச் சுற்றுகின்றன, திரை மட்டும் கறுப்பு. பாகங்களைச் சொருகும் பெரிய பலகையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு விளக்கு அணைய மாட்டேன் என்று நிற்கிறது. ஒயர்களைப் பிடுங்கிச் சொருகினாள். பக்கத்து வீட்டுத் திரையை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அன்று முழுக்க இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அவர் சொன்னதே சரியாப் போச்சு மாமா" என்று ஒரே பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை, பாகங்களை விற்ற கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "மஞ்சள் விளக்குன்னா ராம் சரியா உக்காரலைம்மா. வச்சு அமுக்கும்போது டக்குனு சத்தம் வந்துச்சா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். இவள், "வந்த மாதிரிதான் இருந்துச்சு" என்று இழுத்தாள். நான் குறுக்கே புகுந்து, "வரவே இல்லை" என்றேன். மேசைக்கடியில் ஸ்க்ரூ உருண்டது, அட்டைப்பெட்டி கிழிந்தது, இவள் வளையல் தகரத்தில் உரசியது, எல்லாம் என் காதில் இருக்கிறது. டக் மட்டும் இல்லை. "பெரியவரே, நீங்க அங்கேயே இருங்க, சாட்சிக்கு ஆள் வேணும்" என்று சிரித்தாள் கடைக்கார அம்மாள்.

ராம் என்பது சீப்பு மாதிரி ஒரு துண்டு. கரண்டை நிறுத்திவிட்டு அதைப் பலமாகவே அழுத்த வேண்டுமாம். இவள் விரலை வைத்தாள், அழுத்தினாள், பாதியில் எடுத்துவிட்டாள். மறுபடியும் அதே கதை. "இதுக்கு மேல அமுக்கினா ஒடஞ்சிடும் மாமா."

"ஒடஞ்சிடும்னு யாரும்மா சொன்னது?" என்றேன்.

பதில் எனக்குத் தெரியும், மகனே. உனக்குக் கல்யாணமான புதிது. அலமாரிக் கதவு சிக்கிக்கொண்டது. நீலச் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, "மெதுவா! உன் கை பட்டா எதுவும் உருப்படாது" என்றாய். பிறகு மிக்சி மூடிக்கு ஒரு தடவை. ஜன்னல் கொக்கிக்கு ஒரு தடவை, அன்று உன் சிநேகிதர்களும் இருந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். நீ விளையாட்டுக்குத்தான் சொன்னாய். அன்றிலிருந்து இவள் இந்த வீட்டில் எதையும் அழுத்தி மூடிப் பார்த்ததில்லை.

மேலே உள்ள பத்தியை இவள் முதலில் அடிக்கவே இல்லை. கணினி படித்துக் காட்டியபோது கையும் களவுமாகப் பிடித்தேன். அப்புறம்தான் அடித்தாள்.

"அமுக்கும்மா. ஒடஞ்சா மாமா ஒடச்சாருன்னு சொல்லிடு. இந்த வயசுல என்னை எவன் திட்டப் போறான்?" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். எழுந்து நின்றாள். இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஓர் அழுத்து. டக். அந்தத் துண்டின் மறுமுனையிலும் ஒரு டக். போனிலிருந்த அம்மாளுக்கே கேட்டுவிட்டது.

பொத்தானைப் போட்டதும் உடனே ஒன்றும் வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அந்த மஞ்சள் பொட்டு இமைத்தது, அணைந்தது, திரை வெளுத்தது. "வந்துடுச்சு மாமா!" என்று இவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன் திரைக்குத்தான் என்னவோ ஆகிவிட்டதென்று ஓடி வந்தார்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டாள். இன்று யாருடைய வீட்டுக்கோ மாடிப்படி வரைந்து எனக்குக் காட்டினாள். அகலமான படி. முட்டிவலிக்காரனும் ஏறலாம்.

இன்னும் ஒன்றே ஒன்று. நீ வந்ததும் அந்தப் பெட்டியின் பக்க மூடியைக் கழற்ற உன் கை துடிக்கும். கழற்றாதே. அவளையே கழற்றிக் காட்டச் சொல். டார்ச் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுத்து நீ பிடித்துக்கொள். அவள் சொல்கிற இடத்தில் பிடி.

பத்திரமாக வந்து சேர், கண்ணா. உங்கள் இருவர் கையும் நன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா